காதலர் புகழ்மொழியும் பொருள்கோளும்

காதலின் தொடக்க மாதங்களிலே பேசப்படும் சொற்களுள் மிகக் கூடுதலாக ஆராயப்படுபவை புகழ்மொழிகளே. வசைக்கு விளக்கம் தேவையில்லை. அதன் பொருள் வெளிப்படை. வாக்குறுதிக்கும் விளக்கம் தேவையில்லை. காலம் அதனை விளக்கிவிடும். புகழ்மொழியின் இயல்பு வேறு. “நீர் மற்றப் பெட்டையள் மாதிரி இல்லை” என்று ஒருவன் தன் காதலியிடம் கூறுகின்றான். “நான் நினைச்சதிலும் பார்க்க நீர் கெட்டிக்காரி” என்கின்றான் இன்னொருவன். “கறுப்பெண்டாலும் நல்ல வடிவு” என்பது மூன்றாமவன் கூற்று. “நீங்கள் ஒரு வித்தியாசமான ஆள்” என்று ஒருத்தி தன் காதலனிடம் சொல்லிவிட்டு விரிவுரைக்குப் போய்விடுகின்றாள். கேட்டவர் முகம் மலர்கின்றது. அன்றிரவு கேட்டவர் உறக்கம் கெடுகின்றது. சொல்லப்பட்டது பாராட்டா, மதிப்பீடா, அன்றி எச்சரிக்கையா என்ற வினா உள்ளத்திலே தங்கிவிடுகின்றது.

இஃது அற்பமான விடயம் எனக் கருதுவாருமுளர். வேலையின்மையும் இடப்பெயர்வும் பொருளாதார நெருக்கடியும் கண்ட ஒரு நாட்டிலே, பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க ஏடொன்றிலே விவாதிப்பதற்குரிய பொருளா இது என அவர்கள் வினவக்கூடும். ஆனால், ஒரு சமுதாயம் தன் பெண்களையும் ஆண்களையும் எவ்வாறு மதிக்கின்றது என்பது மேடைப் பேச்சுகளிலே வெளிப்படுவதிலும் பார்க்க, இருவர் தனித்திருந்து பேசும் சொற்களிலேயே தெளிவாக வெளிப்படுகின்றது. மேடையிலே சமத்துவம் பேசுவது எளிது. கேட்போர் ஒருவர் மட்டுமே ஆகும்போது வாயில் வருகின்ற சொல்லே பேசுபவரின் உண்மையான கருத்துநிலையைக் காட்டுவது. அவ்வகையில், காதலர் புகழ்மொழி என்பது இலக்கணமும் இலக்கியமும் சமூகவியலும் சந்திக்கும் ஓர் இடமாகும்.

பொருள் தெளிவற்ற புகழ்மொழியை எதிர்கொள்வதில் இன்றைய மாணவர் உலகிலே இரு சாரார் காணப்படுகின்றனர். முதலாவது சாராரை ஏற்போர் எனலாம். அன்போடு சொல்லப்பட்டதை அன்போடு வாங்கிக்கொள்ள வேண்டும், தோண்டிப் பார்க்கக்கூடாது என்பது இவர்கள் கொள்கை. ‘அவர் நல்லதுதானே சொன்னவர், ஏன் கிளறுகிறாய்?’ என்பது இவர்களது நிரந்தர அறிவுரை. இரண்டாவது சாராரைத் துருவுவோர் எனலாம். விடுதி அறைகளிலே நால்வர் கூடி, ஒரு வாக்கியத்தை இரவு முழுவதும் ஆராய்வோர் இவர்கள். கைத்தொலைபேசி வந்தபின் இவர்களது பணி பன்மடங்கு பெருகியுள்ளது. காதலன் அனுப்பிய குறுஞ்செய்தி படமாக்கப்பட்டு நண்பர் வட்டத்திலே சுற்றுக்கு விடப்படுகின்றது. முற்றுப்புள்ளி ஏன் இடப்பட்டது, மறுமொழிக்கு ஏன் அரைமணிநேரம் சென்றது, மஞ்சள் முகத்தின் சிரிப்பு எத்தகையது என்பன ஆராயப்படுகின்றன. ஈற்றிலே தீர்ப்பும் வழங்கப்படுகின்றது.

மேலோட்டமாக நோக்குமிடத்து இவ்விரு சாராரும் எதிரெதிர்த் துருவங்களில் நிற்பவர் போலத் தோன்றும். உண்மையில் இருவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். இருவருமே சொன்னவரிடம் கேட்பதில்லை. ஏற்போர் கேள்வியை விழுங்குகின்றனர். துருவுவோர் கேள்வியைத் தவறான இடத்திலே கேட்கின்றனர். முதலாமவருக்குச் சொல் ஒரு பரிசுப்பொருள். இரண்டாமவருக்கு அது ஒரு தடயம். அதனைச் சொன்னவர் அச்சொல்லுக்குப் பொறுப்பாளி என்ற எண்ணம் இருவரிடத்திலும் இல்லை. பொருள் மயக்கத்தை உண்டாக்கியவர் நிம்மதியாக உறங்க, அம்மயக்கத்தைத் தீர்க்கும் சுமை கேட்டவர் தலையிலே ஏற்றப்படுகின்றது. இந்த ஏற்பாட்டை மறுதலிக்க வேண்டும். பொருளை விளக்கும் கடமை சொன்னவருக்குரியது; விளக்கம் கோரும் உரிமை கேட்டவருக்குரியது.

கேள்வி கேட்பது ‘மிகையான உணர்ச்சிவசப்படல்’ என்று கூறுவோருக்கு முதலில் இலக்கணம் விடையளிக்கட்டும். ‘உம்’ என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் இடையியலிலே எட்டுப் பொருள் வகுத்தார். எச்சமும் சிறப்பும் ஐயமும் அவற்றுள் அடங்கும். ஓர் உயிரும் ஒரு மெய்யும் கொண்ட இச்சிறு சொல்லின் வலிமையைக் காதலர் பேச்சிலே கண்கூடாகக் காணலாம். “இண்டைக்கு வடிவாய் இருக்கிறீர்” என்பதற்கும் “இண்டைக்கும் வடிவாய் இருக்கிறீர்” என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உணராத தமிழர் எவருமிலர். முதலாவது, நேற்றைய தோற்றத்தை ஐயத்துள் விடுகின்றது. இரண்டாவது, நேற்றையும் முன்னைநாளையும் சேர்த்துப் புகழ்கின்றது. “கறுப்பெண்டாலும்” என்ற சொல்லிலே வரும் உம்மையோ, கறுப்பு ஒரு குறை என்பதனை இருவரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட உண்மையாக வைத்துவிட்டே மேலே பேசுகின்றது. வடிவு என்ற புகழ் வெளிப்படையாகக் கொடுக்கப்படுகின்றது. குறை என்ற தீர்ப்பு உம்மையினுள்ளே மறைத்துக் கொடுக்கப்படுகின்றது. இதனை உணர்ந்து முகம் வாடுகின்ற பெண் உணர்ச்சிவசப்பட்டவள் அல்லள். தன் தாய்மொழியை நன்கு கற்றவள்.

இதே உண்மையை மேனாட்டு மெய்யியலாளர் ஒருவர் பிறிதொரு வழியாலே நிறுவினார். 1967 இல் ஹாவாட் பல்கலைக்கழகத்திலே போல் கிறைஸ் நிகழ்த்திய விரிவுரைகளின் ஒரு பகுதி, 1975 இல் உரையாடலின் தருக்கம் பற்றிய கட்டுரையாக வெளிவந்தது. உரையாடுவோர் ஒருவரோடொருவர் ஒத்துழைக்கின்றனர் என்ற எதிர்பார்ப்பிலேயே பேச்சு நடைபெறுகின்றது. தேவையான அளவு கூறுவர், தேவைக்கு மிஞ்சிக் கூறார் என்பது அவ்வெதிர்பார்ப்பின் ஒரு பகுதி. ஆகவே, ஒருவர் தேவைக்கு மேலாக ஒரு சொல்லைச் சேர்த்தால், அச்சொல் எதற்காக வந்தது எனக் கேட்பவர் மனம் தேடுவது இயல்பு. வெறுமனே ‘நீர் கெட்டிக்காரி’ என்று கூறியிருக்கலாம். ‘நான் நினைச்சதிலும் பார்க்க’ என்ற சேர்க்கை எதற்கு? அது வந்தவுடன் ‘என்ன நினைத்திருந்தான்?’ என்ற வினா தானாகவே எழுகின்றது. வினா கேட்பவரின் சந்தேகப் புத்தியிலிருந்து பிறக்கவில்லை. சொன்னவரின் வாக்கியத்திலிருந்தே பிறக்கின்றது.

தமிழ் மாணவருக்கு இதனை அறியக் கிறைஸ் வரையிலே செல்லவேண்டிய தேவையுமில்லை. திருக்குறளின் இன்பத்துப்பாலிலே ‘புலவி நுணுக்கம்’ என்னும் 132 ஆம் அதிகாரம் முழுவதும் இப்பொருளைப் பற்றியதே. எவரிலும் பார்க்க உன்னிடம் எனக்குக் காதல் அதிகம் என்கின்றான் தலைவன். எவரிலும் பார்க்க, எவரிலும் பார்க்க என்று திரும்பத் திரும்பக் கேட்டுத் தலைவி ஊடுகின்றாள். இப்பிறப்பிலே பிரியமாட்டோம் என்கின்றான். மறுபிறப்பை எண்ணி அவள் கண் நிறைகின்றது. உன்னை நினைத்தேன் என்கின்றான். நினைப்பதற்கு முன்னர் மறந்திருக்க வேண்டுமே என்று தழுவ வந்தவள் விலகுகின்றாள். 1314, 1315, 1316 ஆம் குறள்கள் இவை. மூன்றும் புகழ்மொழிகள் அல்லது அன்புமொழிகள்; மூன்றிலும் சொல்லப்பட்டதற்குள் சொல்லப்படாதது ஒன்று ஒளிந்திருக்கின்றது; மூன்றிலும் அதனைக் கண்டுபிடிப்பவள் பெண்.

இவ்வதிகாரத்தின் பெயரை விளக்குமிடத்துப் பரிமேலழகர், புலத்தற்குக் காரணம் இல்லையாகவும் நுண்ணியதோர் காரணம் உண்டெனத் தலைமகள் உட்கொண்டு அதனைத் தலைமகன் மேலேற்றிப் புலத்தல் என்ற கருத்துப்படப் பொருள் உரைக்கின்றார். பின்வந்த பலரும் இவ்வழியே சென்று, தலைவியின் வினாக்களை இனிய பேதைமையாகவும் ஆடவர் புன்முறுவலோடு பொறுத்துக்கொள்ள வேண்டிய விளையாட்டாகவும் கொண்டனர். உரையாசிரியரின் புலமைக்குரிய மதிப்பைக் கொடுத்தபின்னரும் ஒன்றை வினவ வேண்டியுள்ளது. காரணம் உண்மையில் இல்லையா? எவரிலும் பார்க்க என்ற ஒப்பீட்டைச் சொன்னவன் தலைவன். ஒப்பீடு என்றால் ஒப்பிடப்பட்டவர் இருக்க வேண்டும். பரத்தையிற் பிரிவைத் தலைவனுக்கு ஒரு துறையாகவே வகுத்துக் கொடுத்த ஓர் இலக்கிய மரபிலே வாழும் தலைவி, எவரிலும் என்பது யார் யாரை உள்ளடக்கும் எனக் கேட்பது காரணமற்ற புலவியா? காரணம் தலைவனின் வாக்கியத்திலும் இருக்கின்றது. அவன் வாழ்ந்த சமுதாய ஒழுங்கிலும் இருக்கின்றது. அதனைக் காணாதது தலைவியின் குறையன்று.

எனினும் அவ்வதிகாரத்திலே பரிமேலழகரின் விளக்கம் முற்றிலும் பொருந்தும் குறள்களும் உள்ளன. தலைவன் தும்முகின்றான், எவள் நினைத்ததாலே தும்மினீர் என அழுகின்றாள். தும்மலை அடக்குகின்றான், உம்மவர் நினைப்பதை மறைக்கின்றீரோ என மீண்டும் அழுகின்றாள். பேசாமல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கின்றான். யாரை எண்ணி ஒப்பிட்டுப் பார்க்கின்றீர் எனச் சினக்கின்றாள். இங்கேதான் ஒரு கோட்டைக் கீற வேண்டியுள்ளது. தும்மல் ஒருவர் கருதிச் செய்யும் செயலன்று. அதற்கு அவர் பொறுப்பாளியும் அல்லர். சொல் ஒருவர் தெரிந்து செய்யும் செயல். அதற்கு அவர் பொறுப்பாளி. தும்மலுக்குப் பொருள் தேடுவது மிகை; சொல்லுக்குப் பொருள் கேட்பது உரிமை. விடுதி அறைகளிலே மறுமொழி தாமதித்த நிமிடங்களையும் முற்றுப்புள்ளிகளையும் ஆராய்ந்து தீர்ப்பு வழங்குவோர், உண்மையில் தும்மலை ஆராய்பவர்களே. அவர்கள் கேட்கவேண்டிய இடத்தில் ஊகிக்கின்றனர். ஊகிக்கக்கூடாத இடத்திலும் ஊகிக்கின்றனர்.

வள்ளுவர் காட்டும் தலைவியிடம் இன்னொரு பண்பும் கவனிக்கத்தக்கது. சொற்களைப் பொறுத்தமட்டில் அவள் ஊகத்தோடு நின்றுவிடுவதில்லை. எவரிலும் என்று அவன் முகத்துக்கு நேரே கேட்கின்றாள். ஏன் மறந்தீர் என்று நேரே கேட்கின்றாள். தோழியரைக் கூட்டித் தீர்ப்பு வாங்கவில்லை, புன்னகைத்து விழுங்கவுமில்லை. ஏற்போரும் துருவுவோரும் அவளிடம் கற்கவேண்டியது இதுவே.

புகழ்மொழிக்குள் வேறொரு பொருளை வைத்துப் பேசுவது தன்னளவிலே தீயதென்று கூறுவதற்கில்லை. வஞ்சப் புகழ்ச்சி தமிழ் அணியிலக்கணம் அறிந்த ஒன்றே. அதற்குப் பாடசாலை மாணவரும் அறிந்த எடுத்துக்காட்டு புறநானூற்றின் 95 ஆம் பாடல். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல்மிக்க மனையிலே அழகாக இருக்கின்றன என்றும், அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திலே கிடக்கின்றன என்றும் பாடினார். போர் கண்டறியாத ஆயுதம் என்ற இகழ்ச்சி, புகழின் போர்வையிலே அரசவைக்குள் நுழைந்தது. இங்கே பேசுபவர் படையற்ற ஒரு புலவர். கேட்பவர் படையுள்ள ஒரு மன்னன். வலியோன் முன்னிலையிலே நேரே பேசமுடியாத எளியோரின் கருவியாக இருபொருள் மொழி அங்கே தொழிற்பட்டது. காதலரிடையே அத்தகைய தேவை என்ன? ஒருவர்க்கொருவர் அஞ்சாமல் பேசுதற்கென்றே அமைந்த உறவிலே, மறைத்துப் பேசும் தேவை எழுகின்றதென்றால், அவ்வுறவிலே அரசன் யார் என்ற கேள்வியையே முதலில் கேட்க வேண்டும்.

இக்கேள்வி, பிரச்சினையின் சமூக வேரை நோக்கி இட்டுச் செல்கின்றது. மேலே காட்டிய புகழ்மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு; அவை அனைத்தும் அளவுகோலைக் கையிலே வைத்துக்கொண்டே புகழ்கின்றன. மற்றப் பெண்களோடு ஓர் ஒப்பீடு, எதிர்பார்ப்போடு ஓர் ஒப்பீடு, தோலின் நிறத்தோடு ஓர் ஒப்பீடு. இவ்வளவுகோல் காதலர் கண்டுபிடித்ததன்று. பத்திரிகைகளிலே மணமக்கள் தேவைப் பகுதியைப் புரட்டுவோர் அதனை அங்கே காணலாம். நிறம், உயரம், தொழில், குடும்பப் பின்னணி, சீதனம் என்பன நிரல்படுத்தப்பட்டிருக்கும். கலியாணத் தரகர் தம் கொப்பியைத் திறந்து, ‘பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு, ஆனால் நல்ல குணம்’ என்று பெற்றோரிடம் கூறும் வாக்கியத்துக்கும், “கறுப்பெண்டாலும் நல்ல வடிவு” என்று காதலன் காதலியிடம் கூறும் வாக்கியத்துக்கும் அமைப்பிலே வேறுபாடு யாது? முதலாவது வாக்கியத்திலே ஒரு கழிவு விலை பேசப்படுகின்றது. இரண்டாவதிலும் அதுவே பேசப்படுகின்றது. பேசுபவர் தரகரல்லர் என்பதொன்றே வேறுபாடு.

யாழ்ப்பாணத்துச் சமுதாயத்திலே பெண்ணின் பெறுமதியைக் கணக்கிலே எழுதும் வழக்கம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியிலே தொகுக்கப்பெற்ற தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகைப்படுத்தியது. பெண் மணமாகிச் செல்வது சட்டத்தின் கண்ணிலே ஒரு சொத்து நிகழ்வாகவும் இருந்தது. இத்தகைய மரபிலே வளர்ந்த இளைஞர், பெற்றோர் பேசும் திருமணத்தை மறுத்துக் காதலைத் தேர்ந்தெடுப்பதைத் தம் விடுதலையாகக் கருதுகின்றனர். அது நியாயமானதே. ஆனால் தரகரை வாசலிலே நிறுத்திவிட்டு, அவரது அளவுகோலை மட்டும் உள்ளே கொண்டுவருவது விடுதலையாகாது. சாதகம் பார்க்காத காதல், சீதனம் கேட்காத காதல் என்று பெருமைப்படுவோர், நிறத்துக்குக் கழிவு போடாத காதலாகவும் அது இருக்கின்றதா என்பதை ஆராய வேண்டும்.

“நீர் மற்றப் பெட்டையள் மாதிரி இல்லை” என்ற புகழ்மொழி இவற்றுள் மிகவும் நச்சுத்தன்மை வாய்ந்தது. ஏனெனில், அதுவே மிகவும் இனிமையானது. மற்றப் பெண்கள் எத்தகையோர் என்பதை அவ்வாக்கியம் சொல்வதில்லை. வீண்பேச்சுப் பேசுவோர், பணத்தாசை பிடித்தவர், அறிவு குறைந்தவர் என ஏதோ ஓர் இழிவு அங்கே மறைந்து நிற்கின்றது. அப்புகழை ஏற்றுக்கொள்ளும் பெண், தன் அறைத் தோழியையும் தமக்கையையும் தாயையும் பற்றிய ஒரு பழிச்சொல்லுக்கு, தான் அறியாமலே கையொப்பமிடுகின்றாள். அதற்கு விலையாக அவளுக்கு ஒரு விதிவிலக்குச் சான்றிதழ் வழங்கப்படுகின்றது. விதிவிலக்கு நிரந்தரமானதன்று என்பதும் நினைவிலிருத்தத் தக்கது. அவள் ஒரு நாள் கோபித்தால், ஒரு நாள் பணம்பற்றிப் பேசினால், ‘நீரும் மற்றப் பெட்டையள் மாதிரித்தான்’ என்ற தீர்ப்பு வருவதற்கு அதிக காலம் செல்லாது. புகழாக வந்தது, எச்சரிக்கையாக மாறிவிடுகின்றது.

பீற்றர் கிளிக், சூசன் பிஸ்க் ஆகிய உளவியலாளர் இருவர் 1996 இல் வெளியிட்ட ஆய்வு இங்கே துணைக்கு வருகின்றது. பெண்ணைப் பகைமையோடு நோக்கும் பாகுபாடு ஒன்று. அவளை மென்மையானவள், தூயவள், காக்கப்படவேண்டியவள் எனப் புகழ்ந்து அவளுக்குரிய இடத்தைக் குறுக்கும் பாகுபாடு இன்னொன்று. இவ்விரண்டும் எதிரிகளல்ல, கூட்டாளிகள் என்பது அவர்கள் கருத்து. 2000 ஆம் ஆண்டிலே 19 நாடுகளைச் சேர்ந்த 15,000 பேருக்கு மேற்பட்டோரின் விடைகளைக் கொண்டு வெளியிடப்பட்ட ஆய்விலே, பகைமைப் போக்கு மிகுந்த நாடுகளிலே புகழ்ச்சிப் போக்கும் மிகுந்திருந்தமை காட்டப்பட்டது. விதிவிலக்கான பெண்ணைப் புகழ்வதும் ஏனைய பெண்களை இகழ்வதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பதற்கு இதனிலும் சிறந்த விளக்கம் வேண்டியதில்லை.

அவ்வாறாயின் பெண் ஏன் கேட்பதில்லை? கேட்கக் கூடாதென்று கற்பிக்கப்பட்டிருக்கின்றாள் என்பதே விடை. தன் விருப்பத்தைத் தலைவன் முன்னிலையிலே எடுத்துக் கூறுதல் தலைவிக்கு இல்லை எனத் தொல்காப்பியக் களவியல் விதிக்கின்றது. அக இலக்கியத்திலே தலைவியின் உள்ளத்தைத் தலைவனுக்கும் செவிலிக்கும் எடுத்துரைப்பவள் பெரும்பாலும் தோழியே. புலவர் படைத்த அவ்வுலகிலே அது அழகிய நாடக உத்தி. ஆனால், பட்டம் பெறப் படிக்கும் ஒருத்தி, கருத்தரங்கிலே பேராசிரியரிடம் துணிந்து வினாத் தொடுக்கும் ஒருத்தி, தன் காதலனிடம் ‘அப்படிச் சொன்னதன் பொருள் என்ன?’ என்று கேட்க முடியாமல் தோழியரிடம் விளக்கம் தேடுவாளாயின், களவியல் விதி ஏட்டிலிருந்து இறங்கி இன்னும் விடுதியிலே நடமாடுகின்றது என்றே கொள்ள வேண்டும். நேரே கேட்பவளுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் ‘வாய்க்காரி’. அப்பெயருக்கு அஞ்சியே பல கேள்விகள் தொண்டையோடு நின்றுவிடுகின்றன.

ஆண்களின் நிலையும் இதனிலும் சிறந்ததன்று. “நீங்கள் ஒரு வித்தியாசமான ஆள்” என்பதைக் கேட்டவன், அது நன்மையான வித்தியாசமா எனக் கேட்பதில்லை. கேட்டால் தன்னம்பிக்கையற்றவன் எனக் கருதப்படுவான் என்ற அச்சம். ‘நீங்கள் சரியான அமைதி’ என்பதைக் கேட்டவன், தான் சலிப்பூட்டுகின்றேனோ என்று வாரக்கணக்கிலே மனம் புழுங்குவான், வெளியிலே சிரிப்பான். ஆண்மகன் சொல்லால் நோகமாட்டான் என்ற பொய்யை அவனும் சுமக்கின்றான். புழுக்கம் ஒரு நாள் வேறு காரணம் பற்றிய கோபமாக வெடிக்கும்போது, அதன் பிறப்பிடம் எதுவென்று அவனுக்கும் விளங்காது, அவளுக்கும் விளங்காது. பெண்ணுக்கு நாணமும் ஆணுக்கு வீறாப்பும் பூட்டிய இரு பூட்டுகளும் ஒரே கதவிலேயே தொங்குகின்றன.

இங்கே சில தடைகள் எழுப்பப்படலாம். எல்லோரும் சொல்வல்லார் அல்லர். கூச்சத்தாலும் பழக்கமின்மையாலும் அன்புடையோரும் தவறான சொல்லைத் தேர்ந்துவிடுவர். அவர்களைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றுவது தகுமா என்பது ஒரு தடை. இது நியாயமான தடையே. ஆனால் கூச்சமுள்ளவனைக் காப்பாற்றுவதும் கேள்விதான். கேட்கப்படாதபோது, அவன் வாய்தவறிச் சொன்ன சொல் அவன் இல்லாத இடத்திலே நால்வரால் விசாரிக்கப்பட்டு, அவன் அறியாமலே தண்டனையும் விதிக்கப்படுகின்றது. கேட்கப்பட்டாலோ, ‘நான் அப்படிக் கருதவில்லை, கருதியது இதுதான்’ என்று திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கின்றது. கேள்வி குற்றச்சாட்டன்று, அது விளக்கத்துக்கான அழைப்பு.

கேள்வி கேட்டால் காதலின் இனிமை கெட்டுவிடும் என்பது மற்றொரு தடை. குறிப்பாலே உணர்வதன்றோ காதல், எல்லாவற்றையும் விளக்கவுரை எழுதிப் புரிந்துகொள்ள வேண்டுமா என இவர்கள் கேட்பர். குறிப்பு மொழியின் அழகை மறுப்பாரில்லை. உள்ளுறையும் இறைச்சியும் கண்ட மரபு, குறிப்பின் பெருமையை எவரிடமிருந்தும் கற்கவேண்டியதில்லை. ஆனால் குறிப்பு இனிப்பது, குறிக்கப்பட்டது அன்பு என்பதில் இருவருக்கும் ஐயமில்லாதபோதே. புதிய உறவிலே அந்த உறுதி இன்னும் ஏற்படவில்லை. அடித்தளம் இடாத நிலத்திலே குறிப்பு என்னும் மாடத்தைக் கட்டுவது, வீழ்வதற்கென்றே கட்டுவதாகும். ஒரு கேள்வியைத் தாங்கமாட்டாத இனிமை, கேள்வியாலே கெட்டதன்று. முன்னரே கெட்டிருந்தது, கேள்வியாலே தெரியவந்தது.

உண்மையில், விடையிலும் பார்க்க விடை வரும் முறையே கூடுதலாக உணர்த்துகின்றது. “மற்றப் பெட்டையள் எண்டால் எப்பிடி?” என்று ஒருத்தி அமைதியாகக் கேட்கின்றாள் என வைத்துக்கொள்வோம். மூவகை விடைகள் வரக்கூடும். ஒருவன் சற்று யோசித்து, தான் சொன்னது பிழையான சொல் என்பதை உணர்ந்து, அவளிடம் தான் விரும்பும் பண்பு எதுவென்பதை ஒப்பீடின்றிச் சொல்லுவான். அவனோடு பேசலாம், பேசக்கூடியவனோடு வாழவும் கூடும். இன்னொருவன், “சும்மா பகிடிக்குச் சொன்னது” என்று சிரித்து நழுவுவான். அவன் பொறுப்பை ஏற்கவில்லை. ஆயினும் அவனிடம் இன்னொருமுறை கேட்டுப் பார்க்கலாம். மூன்றாமவன், “உமக்கு எதைச் சொன்னாலும் பிரச்சினைதான்” என்று சினப்பான். கேள்வியே குற்றம் என்பது அவன் நிலைப்பாடு. புகழ்வதற்கு உரிமையுண்டு, விளக்குவதற்குக் கடமையில்லை என நினைக்கும் அவனுடைய மனத்திலேதான், மேலே தேடிய அரசன் வீற்றிருக்கின்றான். அவனை முதல் மாதத்திலேயே இனங்காண்பது, பத்தாண்டுகளின் பின் இனங்காண்பதிலும் பார்க்க நன்று. இதே அளவு, வினாவப்பட்டபோது சினக்கும் பெண்ணுக்கும் பொருந்தும்.

புகழ்பவருக்கும் ஒரு கடமையுண்டு. ஒருவரைப் புகழ இன்னொருவரைத் தாழ்த்தவேண்டியதில்லை. ஒரு நாளைப் புகழ நேற்றைக் குறைகூறவேண்டியதில்லை. ஓர் அழகைப் புகழ நிறத்துக்கு மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை. கண்டதை, கண்டவாறு, ஒப்பீடின்றிச் சொல்வதற்குத் தமிழிலே சொற்பஞ்சம் கிடையாது. ‘நேற்று நீர் அந்த விவாதத்திலே கேட்ட கேள்வி எனக்கு இன்னும் மனதிலே நிற்கின்றது’ என்ற வாக்கியத்திலே தராசு இல்லை. கவனித்த ஒரு மனம் இருக்கின்றது. அளந்து புகழ்வதற்கு ஒரு பார்வை போதும். கவனித்துப் புகழ்வதற்கு அன்பு வேண்டும்.

புலவி நுணுக்கத்துக்கு அடுத்ததாக, நூலின் இறுதி அதிகாரமாக வள்ளுவர் வைத்தது ஊடலுவகை. கேள்வியும் சிணுக்கமும் நிறைந்த அதிகாரத்தின் பின்னர் பிரிவு வரவில்லை, உவகையே வருகின்றது. கேட்டதனாலே அந்தக் காதல் அழியவில்லை. கேட்க முடிந்ததனாலேயே அது நிறைவு பெற்றது. நூல்களின் மீதும் கொள்கைகளின் மீதும் கேள்வி எழுப்புவதற்கே பல்கலைக்கழகம் பயிற்சி அளிக்கின்றது. அப்பயிற்சியை நூலகத்தின் வாசலிலே கழற்றி வைத்துவிட்டுக் காதலுக்குள் நுழைவோர், கல்வியையும் அவமதிக்கின்றனர், காதலையும் அவமதிக்கின்றனர். ‘யாரை விட?’ என்று முகம்பார்த்துக் கேட்கும் பெண்ணையும், ‘எந்த வகையில் வித்தியாசம்?’ என்று கூசாமல் கேட்கும் ஆணையும் உருவாக்காத வரையில், தரகர் இல்லாத திருமணங்கள் எத்தனை நடந்தாலும் தரகரின் மொழி ஒழியப்போவதில்லை. அம்மொழியை ஒழிக்கும் வேலை, அடுத்த புகழ்மொழிக்குக் கேட்கப்படும் முதற் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.